கோ கோ

"சும்மா இருங்க அத்தை. அதுக்கு அர்த்தம் இல்லையாம்."

பக்கவாதம் வந்து வார்டில் கிடந்த பாட்டியிடம் மருமகள் சொன்னது இவ்வளவுதான். அந்த 'இல்லையாம்' என்னிடமிருந்து போனது. முந்தின நாள், பேச்சுச் சிகிச்சை பார்க்கிற நான்தான் அவளிடம், "அது வெறும் சத்தம்மா, அர்த்தம் தேடிக் கஷ்டப்படாதீங்க" என்றேன். ஆறுதலாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

பாட்டிக்கு மூளையின் இடப்பக்கம் அடைப்பு. வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சில் மிஞ்சியது 'கோ கோ' ஒன்றுதான். பேர் என்ன என்றால் கோ கோ. வலிக்குதா என்றாலும் கோ கோ. படங்களைக் காட்டினால் இரண்டு படம் தாண்டுவதற்குள் கண் சாப்பாட்டு வண்டிக்குப் போய்விடும். "கண்ண மூடுங்க" என்றால் மூடினார். "கண்ண மூடிட்டுக் கையத் தூக்குங்க" என்றால் பாதியில் தொலைந்துபோனார். தமிழில் பார்த்தேன், மலாயிலும் பார்த்தேன். 'பொருளற்ற ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தப்பாகவா எழுதினேன்? 1861இல் பாரிஸில் ப்ரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளிக்கும் வாயில் வந்தது 'டான்' ஒன்றுதான். எதைக் கேட்டாலும் டான் டான். கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசவு முழுசாக வருமாம். பேச்சுச் சிகிச்சை படித்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். அதனால்தானோ என்னவோ, கோ கோ காதில் விழுந்ததுமே என் மனசு பாடத்துக்குப் போய்விட்டது. கட்டிலில் இருந்தவரிடம் போகவில்லை.

மருமகள் அப்படி அதட்டிய அன்றுதான் பக்கத்துக் கட்டில் சீன ஆன்ட்டி மலாயில் முணுமுணுத்தார்: "டியா சக்காப் லிமா ரிங்கிட்."

பாட்டி 'அஞ்சு வெள்ளி' என்கிறாராம், மலேசியக் காசு.

பினாங்குக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பீர்கள். நான் ஈப்போவில் வளர்ந்தவள். சீன மொழிகளில் கண்டனீஸ் அரைகுறையாகப் புரியும், பினாங்கில் புழங்குகிற ஹொக்கியேன் சுத்தமாக வராது. ஹொக்கியேனில் அஞ்சு வெள்ளிக்குக் 'கோ கோ'. முதல் கோ, 'எங்கோ'வில் வருகிற கோ. இரண்டாவது, மூச்சு விட்டுச் சொல்கிற கோ. நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். என் காதும் தமிழ்க் காதாகவே கேட்டிருக்கிறது. மருமகள் கெடா தோட்டத்துப் பெண், அவளுக்கும் தெரியாது. மகனோ சிங்கப்பூரில். பாசாரில், அதாவது சந்தையில், பூ விற்றவர் என்று தாளில் இருந்தது. எந்த மொழியில் விற்றார் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சொல் வந்துவிட்டால் அர்த்தமும் கூடவே வந்துவிட்டது என்று ஆகாது. எண்கள், கிழமைகள், சாமிப் பாட்டு, கெட்ட வார்த்தை, இதெல்லாம் பேச்சுப் போன பிறகும் தானாக வரும். வாயில் சிக்கிக்கொள்வது நிஜமான சொல்லாகவும் இருக்கலாம். சோதித்தும் பார்த்தேன். ஒரு வெள்ளி நோட்டைக் காட்டினேன், கோ கோ. பத்து வெள்ளி, அதற்கும் கோ கோ. ஆக, நான் எழுதியதுதான் சரி. அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் ஏன் பூ வாங்கிக்கொண்டு போனேன் என்று தெரியவில்லை. ஒரு பந்து மல்லிகை. மடியில் வைத்தேன். இடது கையால் நுனியைத் தேடி எடுத்தார். தலையணை மேல் கிடந்த அந்த உயிரில்லாத வலது கையின் முழங்கையில் நுனியை வைத்தார். சரத்தை மெல்ல இழுத்து நடுவிரல் நுனிவரை கொண்டுபோனார். ஒரு முழம். மறுபடி முழங்கையிலிருந்து இன்னொன்று. படம் காட்டினால் இரண்டு நிமிஷம் நிற்காத கவனம், சரம் முடியும்வரை நின்றது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "கோ கோ" என்றார். சத்தம் அதேதான். ஆனால் கடைசியில் கொஞ்சம் தூக்கிச் சொன்னார், வாங்குகிறாயா போகிறாயா என்பதுபோல. அப்படி எனக்குக் கேட்டது. கேட்க ஆசைப்பட்டதால் கேட்டதா?

பல மொழி தெரிந்தவருக்குப் பேச்சுப் போனால், முதலில் கற்ற மொழிதான் முதலில் திரும்பும் என்றார் ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞர், 1881இல். இல்லை, அதிகம் புழங்கிய மொழி என்றார் பீத்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர், 1895இல். பாட்டி பிறந்தது தமிழில், பிழைத்தது ஹொக்கியேனில். இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு யார் கட்சி என்று நான் எப்படிச் சொல்ல?

மருமகள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அப்ப அர்த்தம் இருக்கா, மிஸ்ஸி?" என்றாள். (மிஸ்ஸி என்றால் நர்ஸ். நான் நர்ஸ் இல்லை, ஆனால் வார்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.) இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அவங்க பேசினா நீங்களும் பேசுங்க" என்று நழுவினேன். முன்னால் நான் சொன்னதற்கு நேர் எதிர். அவள் அதைக் கவனித்தாளா தெரியவில்லை.

கட்டிலருகே போய்ச் சரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அஞ்சு வெள்ளியா? வாடிக் கெடக்கு. மூணுக்குக் குடுங்க அத்தை."

பாட்டி சரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கோ கோ."

அறிக்கையில் அந்த வரியை நான் அடிக்கவில்லை. என்னவென்று மாற்றி எழுதுவது? அடியில், 'ஹொக்கியேனில் சோதிக்கப்படவில்லை' என்று மட்டும் சேர்த்தேன்.