லடாக்கின் லேயில் ஸ்மார்ட்வாட்ச் காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவை எப்படிப் படிப்பது?

டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் லே. உயரம் சுமார் 3,500 மீட்டர். காற்றில் ஆக்சிஜன் அங்கேயும் 21 சதவீதம்தான். காற்றழுத்தம்தான் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. ஊரில் ரத்த ஆக்சிஜன் 98 சதவீதம் காட்டிய வாட்ச் அன்று மாலையே 87 காட்டினால் பதற வேண்டாம். அந்த உயரத்துக்கு அது சகஜம்.

ஒரு நிமிடம் 72, அடுத்த நிமிடம் 90 என்று தாவினால்? பெரும்பாலும் கை சில்லிட்டிருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஒளி விரலை ஊடுருவி மறுபக்கம் போகும். வாட்சோ சிவப்பு, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, தோலிலிருந்து திரும்பி வரும் கொஞ்சத்தை வைத்துக் கணக்கிடுகிறது. குளிரில் ரத்த நாளங்கள் சுருங்கினால் அந்தக் கொஞ்சமும் மங்கிவிடும். பச்சை குத்திய இடத்திலும் இதே தொல்லைதான்.

காலையில், அறைக்குள், கையுறையில் பத்து நிமிடம் கையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே வாட்ச் இருக்கட்டும். பட்டை நழுவக் கூடாது. தழும்பு விழும் அளவுக்கு இறுக்கவும் கூடாது. முன்கையை மேசையில் வைத்து, அரை நிமிடம் பேசாமல், அசையாமல் இருங்கள். மூன்று முறை எடுத்து நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விரல் ஆக்சிமீட்டர் ஒன்றும் பையில் இருந்தால் நல்லது. இரண்டும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது முதல் நாளே தெரிந்துவிடும்.

5,359 மீட்டர் உயரக் கர்துங் லா கணவாயில் வெட்டவெளியில் நின்று அளப்பது வீண். குளிரும் வெயிலும் சேர்ந்து சென்சாரைக் குழப்பும். இரவு முழுக்க அளக்கவிட்டால் பேட்டரி காலி. தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வருவதால் எண் இறங்கி ஏறும். கை உடம்புக்கடியில் அழுந்தினாலும் அப்படித்தான்.

வாட்ச் 90 காட்டினாலும் தலைவலியோடு குமட்டல் இருந்தால் மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கும்போது தள்ளாடினாலோ ஆக்சிஜன் வைத்து உடனே கீழே இறக்க வேண்டும். பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கிருந்து லேக்குத் திரும்பும் வழக்கமான சாலையோ 5,300 மீட்டரைத் தாண்டிய சாங் லா கணவாயில் ஏறித்தான் இறங்குகிறது. எனவே போவதா வேண்டாமா என்பதை லேயில் இரண்டு இரவு தங்கியபின், மூன்றாம் நாள் காலை, வண்டி ஏறும் முன்பே முடிவு செய்யுங்கள்.