இடையன்குடியில் வைத்துவிட்டு வந்த கவர்

அடுத்த மாதம் தீர்ப்பு. எப்படியும் நம் பக்கம்தான் என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஜெயித்தால் தருகிறேன் என்று ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணியிருந்த 5,001 ரூபாயை முன்கூட்டியே செலுத்திவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை காலையில் பாளையங்கோட்டையிலிருந்து இடையன்குடிக்குக் கிளம்பினேன். “தீர்ப்பு வருமுன்னே காணிக்கையா? அட்வான்ஸ் மாதிரில்லா இருக்கு” என்றாள் வீட்டுக்காரி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வழக்கு வேறு யாரோடும் இல்லை, கூடப்பிறந்த தம்பியோடு. அப்பா விட்டுப்போன விளையில், அதாவது பனந்தோட்டத்தில், 11 பனை நிற்கிற ஓர் ஓரம், யார் பங்கு என்று. நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

திசையன்விளையில் இறங்கி வேறு பஸ் மாறினேன். ஜன்னலுக்கு வெளியே செம்மண்ணும் பனையும்தான். கால்டுவெல் 1841-ல் இந்த மணலுக்கு நடந்தே வந்து சேர்ந்தவர். நமக்கு அவரை திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய பாதிரியாராகத்தான் தெரியும். ஊருக்குள் போனால் அவர் நூல் பிடித்தாற்போல் அமைத்த தெருக்களைப் பார்க்கலாம். அவர் குடியிருந்த வீடு இப்போது அரசு நினைவு இல்லம். பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847-ல் அடிக்கல் போட்டார்கள். பிரதிஷ்டை நடந்தது 1880-ல். 33 வருஷம்! அவர் 1891-ல் கொடைக்கானலில் இறந்தபோது உடலை இங்கே கொண்டுவந்து கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

உள்ளே ஆள் இல்லை. உயரமான கூரை, வெளியே கொளுத்துகிற வெயிலுக்கு உள்ளே அப்படி ஒரு குளிர்ச்சி. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான கோயில்பிள்ளை வந்து காணிக்கைக் கவர் ஒன்றைக் கொடுத்து, “எழுதிக் குடுங்கய்யா, ரசீது போட்டுத் தாரேன்” என்றார். பழுப்பு நிறக் கவர். பெயர், ஊர், தொகை. நாலாவது வரியில் ‘காரணம்’.

முதல் மூன்றும் எழுதிவிட்டேன். நாலாவதில் பேனா நின்றுவிட்டது. ‘வழக்கில் ஜெயம் கிடைக்க’ என்று எழுத வேண்டும். யாரை ஜெயிக்க? ‘குடும்ப சமாதானத்துக்காக’ என்று எழுதலாமா என்று ஒரு யோசனை வந்தது. கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு பொய்க் கணக்கு எழுதுகிறவனை என்ன சொல்ல?

அப்போதுதான் அந்த வசனம் ஞாபகத்துக்கு வந்தது. சின்ன வயதில் ஞாயிறு பள்ளி வசனப் போட்டிக்கு நானும் தம்பியும் சேர்ந்து படித்தது. மத்தேயு ஐந்தாம் அதிகாரம். அவன் பாதியில் திக்கினான், நான் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தேன், அவனுக்கு ஒரு சோப்பு டப்பா பரிசு கிடைத்தது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்...” காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகி வா என்று முடியும். இத்தனை வருஷமும் இதை நான் தலைகீழாகவே புரிந்துவைத்திருக்கிறேன். எனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்றல்லவா நினைத்திருந்தேன்! அப்படியென்றால் என்னிடம் நாலு பக்கத்துக்குப் பட்டியல் இருக்கிறது. வசனம் கேட்பது அது இல்லை. அவனுக்கு என்மேல் குறை உண்டா? அவ்வளவுதான் கேள்வி.

உண்டு. அவன் மகள் சபையில் முதல் நற்கருணை எடுக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்குப் பிறகு வைத்த விருந்துக்கு நான் போகவில்லை. பத்திரிகையைப் பிரிக்கக்கூட இல்லை.

“உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது” என்று முடிக்காமல் நான் ஜெபித்ததே கிடையாது. ஆனால் அவர் சித்தம் என்ன என்று கேட்டதும் கிடையாது. என் சித்தத்தை எழுதி அடியில் அவரிடம் கையெழுத்து கேட்டதைத்தான் நான் ஜெபம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரி சொன்ன அட்வான்ஸ் அப்போதுதான் சுருக்கென்று பட்டது. போக மனசே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெயிக்கப் போகிறவன் எதற்குத் தோற்கிறவன் வாசலில் போய் நிற்க வேண்டும்? அரை மணி நேரம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் கவரை ஒட்டாமலே கோயில்பிள்ளையிடம் நீட்டினேன். “இத வச்சிருங்க. ஒரு சோலி இருக்கு, முடிச்சிட்டு வந்து போடுதேன்.” அவர் என்னையும் கவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப ரசீது?”

தம்பி வீடு அங்கிருந்து ஒரு ஆட்டோ தூரம். வாசலில் என்னைப் பார்த்ததும் அவன் பெண்டாட்டி உள்ளே திரும்பி, “ஏங்க, அத்தான் வந்திருக்காக” என்றாள். அவன் வெளியே வர நேரமானது. வந்தவன் முகத்தைப் பார்க்காமல், “பதினி இருக்கு, குடிக்கியா அண்ணே” என்று மட்டும் கேட்டான். பனையோலைப் பட்டையை மடித்துப் பிடித்து அவனே பதநீரை ஊற்றினான். மாங்காய்க் கீற்று ரெண்டு மிதந்தது. சுண்ணாம்பு வாசனையோடு பட்டையின் பச்சை வாசனையும் சேர்ந்து அடித்தது. விருந்துக்கு வராதது தப்பு என்று சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஊற்றினான். பனையைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை வக்கீலைப் பார்த்து, சமாதானமாகப் போகலாமா என்று கேட்டேன். மனிதர் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார். தம்பி பக்கத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. போன ஞாயிறு மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நேற்று கோயில்பிள்ளை போன் பண்ணினார். “அய்யா, கவரு அலமாரியிலேயே கெடக்கு. காரணம் எழுதாம இருக்கே, நான் எதயாவது எழுதிரட்டுமா?”

“எழுதாதீங்க, இருக்கட்டும்” என்றேன்.