ஒல்லி கிளாஸ்

2023 ஜூன் 11
காலையிலேயே பால் சண்டை. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி டம்ளரில்தான் ஊற்றினேன். பெரியவள் தன்னுடையதை ஒல்லியான கண்ணாடி கிளாஸுக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான், "அக்காவுக்குத்தான் நிறைய" என்று சின்னவன் அழ ஆரம்பித்தான். திருப்பி டம்ளரில் ஊற்றிக் காட்டினேன். "இப்ப சமம்." மறுபடி கிளாஸில் ஊற்றினால் மறுபடி அழுகை. மூன்றாவது தடவை "இதுகூடப் புரியலையா?" என்று கத்திவிட்டேன். ஐந்து வயதுப் பிள்ளை.

ஜூன் 14
பரணில் கிடந்த பி.எட். புத்தகத்தை எடுத்தேன். ழான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர், குழந்தையின் யோசனை வளரும் நான்கு நிலைகள், அவை மாறும் இடம் 2, 7, 11 என்று வயதுக் கணக்கு, எல்லாம் பரீட்சைக்காக உருப்போட்டதுதான். பால் சண்டை அப்படியே அதில் இருக்கிறது! ஏழு வயதுக்கு முன் பெரும்பாலும் உயரம் மட்டும்தான் கண்ணில் படும், அகலம் குறைந்ததைச் சேர்த்து யோசிக்க வராது. 1920 வாக்கில் பாரிஸில் குழந்தைகளுக்குத் தேர்வு வைக்கும் வேலையில் இருந்தவர், ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தவறு செய்வதைக் கவனித்திருக்கிறார். சரியான விடைகளை எண்ணுவதைவிட அந்தத் தவறு எப்படி வருகிறது என்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது. நான் அதைக் கேட்கவே இல்லையே.

ஆகஸ்ட் 30
இரவு பஸ். "நிலா நம்ம கூடவே வருதும்மா."
"எதிர் பஸ்ல போறவங்களுக்கு?"
கொஞ்ச நேரம் யோசித்தான். "அவங்களுக்கு வேற நிலா."
திருத்தவில்லை.

2024 பிப்ரவரி 4
புளியங்கொட்டையை இரண்டு வரிசையாக ஆறு ஆறு வைத்தோம். சமம் என்றான். ஒன்றை நான் அகட்டி வைத்ததும் "இதுல நிறைய". அப்புறம் மறுபடி சமமாக வைத்தபோது பக்கத்து வீட்டுப் பாப்பா தவழ்ந்து வந்து கலைத்துவிட்டது. கேட்டால், "சமம்தான்மா, பாப்பா சும்மா தள்ளிடுச்சு"! 1970களில் எடின்பரோவில் மார்கரெட் டொனால்ட்சன், மெக்காரிகிள் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு குறும்புக் கரடி பொம்மையை விட்டுக் கலைக்கச் செய்தபோது, நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், வேறு பதிலைத்தான் எதிர்பார்க்கிறார் என்று பிள்ளை நினைக்காதா? வயதுக் கோடுகளை அவ்வளவு கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று தோன்றுகிறது.

2025 மார்ச் 9
பால், அதே ஒல்லி கிளாஸ். அவனே சொன்னான்: "அது ஒல்லிம்மா, அதான் மேல ஏறிடுச்சு." அன்றைக்கு அழுதாயே என்றால், "நானா?" என்கிறான்.

சப்பாத்தி மாவில் ஒரே அளவாக இரண்டு உருண்டை பிடித்து, ஒன்றைத் தேய்த்தேன். மாவு அதேதான் என்றான். எது கனம்?
"உருண்டை."
"ஏன்டா?"
"இது தட்டையா இருக்குல்ல, லேசாத்தான் இருக்கும்."
சரி என்று கல்லில் போட்டேன்.