எல்டர்பெர்ரியும் என் ஊதா விரல்களும்

செடி எல்டர்பெர்ரிதான் என்று சந்தேகமில்லாமல் தெரிந்து, கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அதன் சின்னப் பழங்களும் கறுத்துத் தலைகவிழ்ந்து தொங்கினால் பறிக்கலாம். பச்சையாக மட்டும் வாயில் போடாதீர்கள். இலை, காம்பு, காய் எல்லாவற்றிலும் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது, வயிற்றைப் புரட்டிவிடும், பழத்தையும் வேகவைத்தால்தான் சரி.

காம்பு நீக்குவதுதான் பெரிய ரோதனை. முதல் தடவை முட்கரண்டியால் சீவிச் சீவி விரலெல்லாம் ஊதா, சட்டையில் விழுந்த கறை இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் கொத்தோடு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன், கல்லாக உறைந்ததும் உலுக்கினால் பொலபொலவென்று உதிர்கிறது. அப்புறம் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைமணி நேரம் கொதிக்கவைத்து, மசித்து, துணியில் வடிகட்டி, சர்க்கரை போட்டுக் காய்ச்சுவேன். கெடாமல் காக்கும் அளவுக்கு இந்தப் பழத்தில் புளிப்பு இல்லை, அதை நம்பி பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்க முடியாது, எனக்கு ஃப்ரீசர்தான்.