மெஹ்ரௌலியில் பெயர் தெரியாதவர்களின் வீடுகள்

ஊரிலிருந்து வரும் உறவினர்களைக் குதுப் மினாருக்கு அழைத்துச் செல்லாத தில்லித் தமிழ்க் குடும்பம் அரிது. ஆனால் அதை அடுத்து ஏறத்தாழ 200 ஏக்கரில் விரிந்திருக்கும் மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவுக்குள் நுழைபவர்கள் மிகச் சிலரே. தோமர் அரசர்கள் 11-ஆம் நூற்றாண்டில் லால் கோட் கோட்டையை எழுப்பிய பகுதி இது. ஷாஜகானின் நகரமும் ஆங்கிலேயரின் புதுதில்லியும் உருவாவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே மக்கள் குடியேறி வாழ்ந்திருக்கிறார்கள்.

குளிர்கால விடுமுறைக்குத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவுடன் சென்றிருந்தேன். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். 1287-இல் இறந்த சுல்தான் பால்பனின் கல்லறை இன்று கூரையிழந்து நிற்கிறது. அதன் வாயிலை விட்டு அவர் நெடுநேரம் நகரவில்லை. நம் பெரிய கோயில் விமானத்தின் உட்புறத்தில் கற்களைப் படுக்கையாகவே அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் சற்று உள்நோக்கி நீட்டிக்கொண்டே போய் உச்சியில் சேர்த்திருப்பார்கள். குதுப் வளாகத்தின் தொடக்ககால வளைவுகளும் அந்த முறையில் அமைந்தவையே. பால்பனின் கல்லறையிலோ ஆப்பு வடிவக் கற்கள் சாய்வாக நின்று, ஒன்றையொன்று அழுத்தி, பாரத்தைப் பக்கச் சுவர்களுக்குக் கடத்துகின்றன. இந்தியாவில் இன்றும் எஞ்சியிருக்கும் உண்மையான வளைவுகளுள் மிகப் பழமையானவை இவையே என்பது அறிஞர் பலரின் கருத்து. "அதுவரை கல்லை அடுக்கினார்கள், இங்கேதான் சாய்த்து நிறுத்தத் துணிந்தார்கள்" என்றார் சித்தப்பா.

யமுனை இங்கிருந்து வெகு தொலைவு. ஆரவல்லியின் பாறைமேடு பகைவரிடமிருந்து காத்ததே தவிரத் தண்ணீர் தரவில்லை என்பதால், தில்லி சுல்தான் இல்துத்மிஷ் மெஹ்ரௌலியில் ஷம்சி ஏரியை வெட்டுவித்தார். லோதி காலத்தில், 1506-இல், ராஜோன் கி பாவ்லி என்னும் படிக்கிணறு எழுந்தது. ஒரு கோடியில் வட்டக் கிணறு, அதன் முன்னே நீள்சதுரக் குளம், இரு பக்கமும் அடுக்கடுக்காக வளைவு மண்டபங்கள். நீர்மட்டம் இறங்க இறங்க மக்களும் படி இறங்கினார்கள். மேலே வெயில் எரித்தாலும் கீழ்ப்படிகளில் நிழலும் ஈரமும் தங்கும்.

ஜமாலி கமாலி மசூதியைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் அதைக் கடந்து செல்கிறேன். என் மனம் முழுவதும் பால்பன் கல்லறைக்கும் அந்த மசூதிக்கும் இடையில் கிடக்கும் குடியிருப்பின் இடிபாடுகளில்தான் இருக்கிறது. கரடுமுரடான கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த தாழ்ந்த சுவர்கள், அறையிலிருந்து அறைக்குச் செல்லும் வழிகள், ஒரு வீட்டின் சுவரையே தன் சுவராகக் கொண்ட அடுத்த வீடு. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. குலி கான் கல்லறையைத் தன் கோடைகால மாளிகையாக மாற்றிக்கொண்ட ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மெட்காபின் பெயர்தான் எல்லார் நாவிலும் நிற்கிறது. எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது.

1997 முதல், மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு இங்கே மேற்கொண்டுவரும் சீரமைப்பு போற்றத்தக்கது. ஆனால் வருகிறவர்கள் இந்த வீட்டுச் சுவர்களின் மீது ஏறி நின்று படமெடுக்கிறார்கள். சாந்து உதிர்ந்து கற்கள் கழன்று விழுகின்றன. இப்படி ஏறிய சிறுவர்களிடம், "தம்பி, இது ஒருவர் குடியிருந்த வீடு" என்று சித்தப்பா சொன்னதும் உடனே இறங்கிவிட்டார்கள். அருகில் நின்ற பெரியவர்களிடமும் அதையே இந்தியில் சொல்லுமாறு என்னைப் பணித்தார். சொன்னேன், அவர்களும் இறங்கினார்கள்.