கரன்ட் இல்லாத நாளில் குரல் பதிவு

சேலம் அம்மாப்பேட்டை வீட்டு அறையிலேயே ஒரு பாப்-பங்க் (வேகமான ராக் வகை) ஆல்பத்துக்குக் குரல் பதிவு செய்து முடித்தோம். எட்டுப் பாட்டு. பெரிய தொல்லை அக்கம்பக்கத்து விசைத்தறிச் சத்தம்தான். ஜன்னலில் மெத்தையைச் சாய்த்தால் காற்றில் வருவது குறையும். தரை வழியாக மைக் ஸ்டாண்டு காலில் ஏறும் அதிர்வுக்கு அது போதாது. ஸ்டாண்டுக்கு அடியில் கயிற்று மிதியடி இரண்டு போட வேண்டும். 100 ஹெர்ட்ஸில் லோ-கட் (அதற்குக் கீழான ஒலியை வெட்டும் வடிகட்டி) போட்டால் உறுமல் போகும், தறி நாடா அடிக்கும் 'டக்' போகாது.

கடைசியில் கைகொடுத்தது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. தேதி முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். கரன்ட் போனதும் தறி, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் அடங்கிவிடும். இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள், அதுவே ரீங்காரம் போடும். யூஎஸ்பியில் ஓடும் இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டும் தந்துவிடும். லேப்டாப் சார்ஜரில் இல்லாததால் எர்த் கோளாறால் வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் பெரும்பாலும் இருக்காது.

சிக்கல் பேட்டரியில். சார்ஜரைக் கழற்றியதும் லேப்டாப் தானாக மின்சிக்கனத்துக்கு மாறி வேகம் குறையும்; பதிவில் 'படபட' என்று வெடிப்பு விழும். அந்த மோடை மாற்றுங்கள். லேப்டாப்புக்குச் சுமை குறைய, டிரம்ஸ், கிட்டார் எல்லாவற்றையும் முந்தின நாளே ஒரே வேவ் ஃபைலாக இறக்கி, அதன்மேல் பாடவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்கு எடுக்கும் ஒலித்துண்டு) 128 சாம்பிள் என்றால் தாமதம் 3 மில்லிசெகண்டுக்குள், போக வர சேர்த்து அதற்கு இரண்டு மடங்குக்கு மேல், பாடுபவருக்கு உறுத்தாது.

ஏற்காட்டுக்குப் போகலாமே என்பார்கள். தறி இல்லைதான். பனி இறங்கினால் கண்டென்சர் மைக் ஈரத்தில் பொரியும், தகரக் கூரையில் மழை வேறு.

பாட்டின் வேகம் 180 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 180 தட்டு. ஒரு தட்டுக்கு மூன்றில் ஒரு நொடி. அதில் இரண்டு எழுத்து வைத்தாலே குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும். 'படமா', 'பாடமா' என்று பிரித்துக் கேட்காது. மெட்டை இழுக்காதீர்கள், வார்த்தையை மாற்றுங்கள். கோரஸில் குரலை இரண்டு தடவை தனித்தனியாகப் பாடவையுங்கள். காப்பி-பேஸ்ட் செய்தால் சத்தம் கூடுமே தவிரத் தடிமன் வராது.

வெளியிடும்போது அட்டைப்படம் 3000×3000 பிக்சல். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்கு அனுப்ப நினைத்தால் குறைந்தது 7 நாள் முன்பே பாட்டு அங்கே ஏறியிருக்க வேண்டும். பாடகர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் எட்டுப் பாட்டிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு 'எச்' கூடினால்கூட ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் முளைத்துவிடும்.