கடிதத் தொகுதியை யார் பேர்ல ஏத்தறது?

காலேஜ் லைப்ரரில கேட்லாக் பண்றது என் வேலை. வழக்கமா டைட்டில் பேஜும் முன்னுரையும் பார்த்தாலே போதும், ஆசிரியர், சப்ஜெக்ட் எல்லாம் சிஸ்டத்துல ஏத்திட்டு அடுத்த புத்தகத்துக்குப் போயிடலாம். தாமஸ் மெர்ட்டன் மத்த எழுத்தாளர்களுக்குப் போட்ட கடிதங்களோட தொகுதி, 1993-ல வந்தது, அதை மட்டும் அப்படி விட முடியல.

மெர்ட்டன் அமெரிக்காவுல கென்டக்கி கெத்செமனி மடத்துல 1941-ல சேர்ந்த ட்ராப்பிஸ்ட்ங்கற கத்தோலிக்க சபையோட துறவி. அங்க பேச்சே கம்மி, பாதி விஷயம் கை ஜாடையிலதான். அங்கருந்து 1958 ஆகஸ்ட்ல ரஷ்யாவுல இருக்கற, முன்னபின்ன பார்க்காத எழுத்தாளர் பாஸ்டர்நாக்குக்கு எழுதறார், ரசிகர் கடிதம் மாதிரியே இல்ல, உள்ளுக்குள்ள எப்பவோ சந்திச்ச ரெண்டு பேர் பேசிக்கற மாதிரி இருக்கு. அக்டோபர் கடிதத்துல ஒரு கனவு வருது. கனவுல ஒரு யூதப் பொண்ணு இவர்மேல அவ்வளவு பிரியமா இருக்கா, அப்புறம் ஒருநாள் கூட்டமான தெருவுல நடக்கறப்ப எதிர்ல வர்ற அத்தனை பேரும் அவளாவே தெரிஞ்சாங்களாம். இதைப் போய் முகம் தெரியாத ஒருத்தர்கிட்ட சொல்லணும்னா எவ்வளவு நம்பிக்கை வேணும்! அதே மாசம் பாஸ்டர்நாக்குக்கு நோபல் அறிவிச்சு, சோவியத் நெருக்கடியில அவர் வேண்டாம்னு சொல்ல வேண்டி வந்தப்ப, அங்க இருந்த எழுத்தாளர் சங்கத்துக்கே கண்டிச்சு எழுதினார் மெர்ட்டன். 1960-ல பாஸ்டர்நாக் போயிட்டார், கடைசி வரைக்கும் நேர்ல பார்த்துக்கவே இல்ல.

போலந்துக் கவிஞர் மிலோஷ் விஷயம் வேற. நீங்க இயற்கையை எப்பவும் ஆறுதலாவே பார்க்கறீங்க, அதுல இருக்கற கொடுமையும் வலியும் உங்க கண்ணுல படலையேன்னு மெர்ட்டன்கிட்ட நேராவே கேட்டார், அதுக்காக உறவு அறுந்துபோகல, பத்து வருஷம் கடிதம் போய்ட்டு வந்துட்டுதான் இருந்துச்சு. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. ஒரு எழுத்தாளர்மேல இன்னொருத்தர் பாதிப்புன்னு சப்ஜெக்ட்ல ஒரு வரி போடறோமே, அதுக்குள்ள இந்த வாக்குவாதமும் அடக்கம்னு தொகுதியைப் படிச்சப்பதான் பட்டுச்சு.

ஆனா 1993 தொகுதியில மெர்ட்டன் பக்கம் மட்டும்தான் இருக்கு. மிலோஷோட பதில்களைப் பார்க்க ரெண்டு பேர் கடிதமும் சேர்ந்த தனி புத்தகம் வேணும், அதையும் வாங்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன். கெத்செமனில மெர்ட்டன்கிட்டயே பயிற்சித் துறவியா இருந்துட்டுப் போன நிகரகுவா கவிஞர் எர்னெஸ்டோ கார்தெனால் பேரையும் பாஸ்டர்நாக், மிலோஷ் பேரையும் ரெக்கார்டுல சேர்த்தாச்சு, எந்தப் பேரைத் தட்டினாலும் இந்தப் புத்தகம் வரும். சிலி கவிஞர் நிகனோர் பார்ரா பேர் இன்னும் பாக்கி.